ஒட்டாவா மேல் போட்ட பழி

ஓலி தோர்டார்சன் போன் செய்கிறார் என்றால் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். ரூனாவின் அம்மா லாரா இறந்த அன்று அப்பாவின் சிநேகிதரான அவர்தான் பேசினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பேசியதே இல்லை. அதனால் ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறையில் அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் ரூனா கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"உங்கப்பன் நல்லாத்தான் இருக்கான்" என்று ஓலி முதலிலேயே சொல்லிவிட்டார். "அதுக்காகப் பேசல. ஆனா, எப்படிச் சொல்றது... வீட்டுல இருக்கிற துப்பாக்கிய ஒண்ணொண்ணா எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்துட்டு இருக்கான்மா. எனக்கு அந்த இரட்டைக் குழலைக் குடுத்தான். வேண்டாம்னு சொன்னேன். என் லைசென்ஸ் நம்பரக் கேட்டு எழுதிக்கிட்டு, கையில திணிச்சுட்டுப் போயிட்டான். நீ ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்."

அப்பா வால்டி சிகுர்ட்சன் தன் துப்பாக்கிகளைக் கொடுக்கிறார் என்பதை ரூனாவால் ஜீரணிக்க முடியவில்லை. வட்டாரச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எழுபது தாண்டிவிட்டது. ஆர்போர்க் என்ற சின்ன ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறார். எந்தத் துப்பாக்கியை யாரிடம் வாங்கினார், அதை வைத்து எந்தக் காட்டில் என்ன அடித்தார் என்று கேட்டால் விடிய விடியச் சொல்லுவார். அந்தக் கோடையில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் புதிய மசோதா ஒன்று வந்திருந்தது. அது சட்டமானால் இனிமேல் கைத்துப்பாக்கி கை மாறக் கூடாது. விற்கவும் முடியாது, பெற்ற பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. வைத்திருப்பவர் காலத்தோடு அதன் கதை முடிந்தது. அடுத்து வேட்டைத் துப்பாக்கிகள் மேலும் கை வைப்பார்கள் என்று காப்பிக் கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வால்டியும் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

ரூனா அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தாள். எல்லாம் ஒட்டாவாக்காரன் பண்ணுகிற வேலை, சட்டம் வருவதற்குள் யார் யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் பின்னால் அவளுக்குத் தொல்லை இருக்காது என்று வால்டி விளக்கினார். குரலில் ஒரு குதூகலம். பேச்சுக்கு நடுவே சீட்டி அடித்தார். அம்மா போனதிலிருந்து அவர் சீட்டி அடித்து ரூனா கேட்டதில்லை.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவள் அவசரப் பிரிவில் நர்ஸ். வாழ்க்கை போதும் என்று முடிவு செய்தவர்களைப் பற்றி வீட்டாரிடம் விசாரிக்கும்போது அவளே வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு உண்டு. தனக்குப் பிரியமான பொருள்களை எடுத்துக் கொடுக்கிறாரா? இத்தனை நாள் இல்லாத சந்தோஷம் திடீரென்று வந்திருக்கிறதா?

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புருஷனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓரெஸ்ட் வின்னிபெக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை வாத்தியார். மாமனாருக்கும் அவனுக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு முறை வால்டி அவனைக் காட்டு வாத்து வேட்டைக்குக் கூட்டிப் போனார். விடியற்காலைக் குளிரில் இரண்டு மணி நேரம் நாணலுக்குள் பதுங்கிக் கிடந்து, வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே வரும் நேரம் பார்த்து ஓரெஸ்ட் தும்மினான். அதன் பிறகு மாமனார் அவனைக் கூப்பிடவில்லை. அவனும் அதற்காக வருத்தப்படவில்லை.

வழியில் ஓரெஸ்ட், ஒருவேளை நிஜமாகவே சட்டத்துக்குப் பயந்துதான் கொடுக்கிறாரோ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தான். சட்டம் கைத்துப்பாக்கிக்குத்தானே வருகிறது, வாத்து சுடும் துப்பாக்கியை ஏன் கொடுக்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதே ஏதோ குறைவது அவளுக்குத் தெரிந்தது. படகைக் காணோம். அது நின்ற இடத்தில் புல் மட்டும் வெளுத்துக் கிடந்தது. விற்றுவிட்டாராம். அப்பா மீசையை எடுத்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். உள்ளே போனால் வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அம்மாவின் கோட்டுகள் மாட்டியிருந்த கொக்கிகள் காலியாக இருந்தன. அவற்றை சர்ச் விற்பனைக்குக் கொடுத்துவிட்டதாகவும், ரூனாவுக்கு வேண்டியதை மட்டும் மேலே பெட்டியில் எடுத்து வைத்திருப்பதாகவும் வால்டி சாதாரணமாகச் சொன்னார்.

பிரிட்ஜைத் திறந்தால் அதில் கை வைக்க இடமில்லை. மூடி போட்ட கண்ணாடிச் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, மாக்கரோனி, கோஸ் இலையில் சுற்றிய கறி. அந்த ஊரில் சாவு வீட்டுக்குத்தான் இப்படிச் சட்டி சட்டியாகப் போகும்.

"ஏன்னே தெரியலம்மா. ஊரே ஆக்கிக் கொண்டாந்து குடுக்குது. பாதிரியார் வேற வாரத்துக்கு ரெண்டு தடவ வந்துடுறார். சர்ச்சுக்கு ஆளு கொறையுதோ என்னமோ" என்றார் வால்டி.

சாப்பாட்டுக்கு முன்னால் அவர்களைக் கீழே பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப் போனார். அவரே கையால் செய்த ஓக் மர அலமாரி அங்கே இருந்தது. கதவைத் திறந்தால் பச்சை வெல்வெட்டில் துப்பாக்கிகள் சாய்ந்திருந்த அச்சு மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னார். மூஸ் மான் அடிக்கும் பெரிய ரைஃபிள் தம்பி மகனுக்கு. அவன் ரிவர்ட்டனில் இருக்கிறான், வருஷம் தவறாமல் வேட்டைக்குப் போகிறவன். இரட்டைக் குழல் ஓலிக்கு. மான் ரைஃபிள் பனி வண்டியில் கூட வேலை பார்த்தவருக்கு. காட்டுக்கோழி சுடும் சின்ன ரைஃபிளும் ஓலி வீட்டுக்குத்தான் போயிருக்கிறது, அவருடைய பேத்தி லைசென்ஸ் வாங்கியிருக்கிறாளாம். எல்லாம் முறைப்படி, லைசென்ஸ் நம்பர் சரிபார்த்துக் கொடுத்தது.

அடித் தட்டில் பூட்டுப் போட்ட சின்ன இரும்புப் பெட்டி மட்டும் மிச்சம் இருந்தது. அதில் அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த ரிவால்வர். மசோதா குறிவைத்ததே அந்த மாதிரித் துப்பாக்கியைத்தான். அதற்குத்தான் ஒரு வழி தெரியவில்லை என்றார்.

சின்ன ரைஃபிள் ஓலி வீட்டுக்கு என்று அவர் சொன்னபோதே ரூனா அவர் முகத்தைப் பார்த்திருந்தாள். அவர் அதற்குள் அடுத்ததைச் சொல்லப் போய்விட்டார். அவளுக்கு ஒன்று சுருக்கென்றது. அப்பாவின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டு வந்த இடத்தில் இது என்ன அற்பத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு படி ஏறினாள்.

மூன்று பேரும் யாரோ ஆக்கிக் கொடுத்த கோஸ் சுருட்டலைச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரூனா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்கக் கூடாது, நேராகக் கேட்க வேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் எத்தனையோ பேரிடம் நேராகக் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, நான் ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

ஓரெஸ்ட் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வால்டி கொஞ்ச நேரம் புரியாமல் விழித்தார். அவளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், பிறகு பிரிட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது.

"அட கடவுளே" என்றார். "அதுக்குத்தானா இத்தனை சட்டியும்? அதான் அந்தப் பாதிரியார் என் கையப் புடிச்சா விடவே மாட்டேங்கிறாரா? நான் பாட்டுக்கு அவருக்கு வீட்டுல ஏதோ பிரச்சனை போலன்னு நெனச்சு, எல்லாம் சரியாப் போயிடும்னு முதுகுல தட்டிக் குடுத்துட்டு இருக்கேன்."

ஓரெஸ்ட்டுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிப்பது போலச் சமாளித்தான். ரூனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் நிறைந்தது. வால்டி எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அந்த மாதிரி எண்ணம் லாரா போன முதல் குளிர்காலத்தில் வேண்டுமானால் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம், இப்போது கிடையவே கிடையாது என்றார். இப்போது அவருக்குச் சாக நேரமே இல்லையாம்.

"அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் குடுத்தீங்க? ஒட்டாவான்னு சொல்லாதீங்க. அந்த மசோதாவ நானும் படிச்சேன்."

வால்டி திரும்பிப் போய் உட்கார்ந்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டது. தட்டில் இருந்த கோஸ் இலையைக் கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார்.

"பெர்னிஸ்" என்றார்.

பெர்னிஸ் கொவால்சுக் பக்கத்து ஊரான கிம்லியில் இருப்பவள். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பனித்தரையைத் துடைப்பத்தால் தேய்த்துக் கல்லைச் சறுக்கவிடும் கர்லிங் ஆட்டத்தில், வால்டியின் அணியில் போன குளிர்காலத்தில் ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்துக்கு அவள் வந்தாள். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு, அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டே அவள் போடும் சத்தத்தில் கூரை அதிருமாம். அப்படிப் பழக்கமாகி, ஆட்டம் முடிந்ததும் ஒன்றாகக் காப்பி குடிப்பது, பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்று வளர்ந்திருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். ஏரிக்கரையில் இருக்கும் அவள் வீட்டுக்கு இவர் போவதாக ஏற்பாடு. அங்கே ஏற்கெனவே ஒரு படகு இருந்தது, இரண்டு எதற்கு என்றுதான் தன்னுடையதை விற்றாராம். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வசந்தத்திலிருந்தே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெர்னிஸின் அண்ணன் பதினாறு வயதில் இறந்தவன். வேலியைத் தாண்டும்போது சாத்தி வைத்த துப்பாக்கி சரிந்து வெடித்துவிட்டது. ஓடிப்போய் முதலில் பார்த்தவள் அவள்தான். இதை அவள் வால்டியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

"குடுத்துடுன்னு அவ கேக்கவே இல்லம்மா. கேட்டிருந்தா ஒருவேளை நான் மாட்டேன்னுகூடச் சொல்லியிருப்பேன், என் குணம் உனக்குத் தெரியுமே" என்றார். "ஆனா ஒரு பொம்பளைக்காகத் துப்பாக்கியக் குடுத்தான்னு தெரிஞ்சா ஓலியும் மத்தவனுங்களும் என்னைச் சும்மா விடுவானுங்களா? பொட்டியில வெச்சுப் பொதைக்கிற வரைக்கும் கிண்டல் பண்ணுவானுங்க. என்ன பண்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன். அப்பப் பாத்து வந்துச்சு அந்த மசோதா."

காப்பிக் கடையில் மேஜையைத் தட்டி ஒட்டாவாவைத் திட்டியவர்களில் அவர் குரல்தான் உயர்ந்து கேட்டது. திட்டத் திட்ட அவருக்கு மனசு லேசானதாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பழியை மொத்தமாக ஒட்டாவா மேல் போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் தனக்கு இப்படி ஓர் உபகாரம் செய்வார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

இப்போதுதான் ரூனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அம்மாவின் கோட்டு, மீசை, புதுச் சட்டை எல்லாம் தனித்தனியாக இடம் மாறி அதனதன் அர்த்தத்தில் உட்கார்ந்தன. அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு கணம் யோசித்தாள். மீசையை எடுக்கச் சொல்லி முப்பது வருஷம் கெஞ்சியவள் அம்மா. அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

சாப்பிட்டு முடித்துக் காப்பி ஊற்றும்போது உள்ளே குத்திக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அப்பா."

வால்டி சர்க்கரைக் கட்டியை வாயில் போடப் போனவர் நிறுத்தினார். "உன்கிட்டயா? நீ அந்தக் காயத்தையெல்லாம் கழுவிக் கட்டுறவம்மா. போன வருஷம் கிறிஸ்துமஸ்ல நீ சொன்னியே, குண்டடி பட்டு வந்த அந்தப் பையனப் பத்தி. ரெண்டு நாள் நீ சரியாச் சாப்பிடல. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்கிட்டத் துப்பாக்கிய நீட்டுறது?"

ரூனா காப்பியை ஊற்றி முடித்தாள். அவர் சொன்னது சரிதான். வேலையில் அவள் பார்ப்பதை எல்லாம் பார்த்த பிறகு துப்பாக்கி என்ற சொல்லே அவளுக்குப் பிடிப்பதில்லை. மசோதா வந்தபோது வார்டில் எல்லோரையும் போல அவளும் நல்லது என்றுதான் சொன்னாள். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் சின்ன ரைஃபிள் அவளுக்கு வேறு. செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் அவளும் மட்டும் பாப்லர் மரக் காட்டுக்குள் நடப்பார்கள். பேச்சே இருக்காது. இலை மிதிபடும் சத்தம் மட்டும்தான். ஒரு தடவை நாள் முழுவதும் நடந்து ஒன்றையும் சுடாமல் திரும்பினார்கள். அதுதான் அவள் சிறு வயதின் நாட்களில் மிக நல்ல நாள்.

"மத்தது எதுவும் வேண்டாம். அந்தச் சின்னது எனக்கு வேணும்" என்றாள். "லைசென்ஸ் இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்."

"எனக்கே தெரியாதே" என்றான் ஓரெஸ்ட்.

"நீங்க கேக்கல."

மறுநாள் காலையில் மூன்று பேரும் ஓலியின் வீட்டுக்குப் போனார்கள். பெர்னிஸ் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று வால்டி வண்டியிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். ரூனாவுக்கும் ஒட்டாவாவே துணைக்கு வந்தது. துப்பாக்கி எல்லாம் ரத்த வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்று புதுச் சட்டத்தில் ஏதோ வருகிறதாம், அதனால் சின்ன ரைஃபிளை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள வந்தோம் என்று அவள் ஆரம்பித்தாள். ஓலி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். அவர் மனைவி கதவோரம் நின்று வால்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"சட்டம் கிடக்கட்டும். நீ சொல்லுடா" என்றார் ஓலி. "அந்த பெர்னிஸ் உன்ன விட்டுட்டாளா இல்லையா?"

வால்டி ரூனாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? குளிர்காலத்துல இருந்தே எல்லாருக்கும் தெரியும். அவ கல்லத் தள்ளுனா நீ தரையத் தேய்க்குறத விட்டுட்டு அவளத்தான் பாத்துட்டு நிப்ப. வசந்தத்துல இருந்து நீ அவ பேச்சே எடுக்கல. அப்புறம் படகை வித்த, துப்பாக்கியக் குடுத்த. சரி, அவ கைவிட்டுட்டா, இவன் தாங்க மாட்டான்னு நெனச்சோம். என் பொண்டாட்டி உனக்காக ரெண்டு தடவ மாக்கரோனி பண்ணிட்டா."

இனி மறைத்துப் பயனில்லை என்று வால்டி கல்யாண விஷயத்தைச் சொன்னார். துப்பாக்கிகளை ஏன் கொடுத்தார் என்பதையும், பெர்னிஸின் அண்ணனைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார். எதிர்பார்த்த கிண்டல் வரவில்லை. ஓலி தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பையனைத் தனக்குத் தெரியும், ஒரே பள்ளிக்கூடம், தனக்கு இரண்டு வகுப்பு மேலே என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சின்ன ரைஃபிளை எடுத்துக்கொண்டு வந்தார். நேற்றுதான் எண்ணெய் போட்டுத் துடைத்தாராம். பேத்திக்கு இன்னும் சொல்லவில்லை, அவளுக்குத் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"இரட்டைக் குழலத் திருப்பித் தர மாட்டேன்" என்றார் வால்டியிடம். "அதுக்குப் பதிலா கல்யாணத்துக்கு என்னை மாப்ளத் தோழனா வெச்சுக்க."

கிண்டல் எல்லாம் அப்புறம்தான் ஆரம்பமானது. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, மீசை இல்லாத வால்டியின் மேலுதடு பனிக்காலம் முடிந்து வெளியே வந்த தவளை மாதிரி இருக்கிறது என்றார். வண்டி கிளம்பிய பிறகும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வால்டிக்கு அது நன்றாகவே இருந்தது போலத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது ரிவால்வர். ரூனாவிடம் இருந்த லைசென்ஸ் வேட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் உள்ளது. கைத்துப்பாக்கிக்குத் தனியாக வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் மசோதா சட்டமாகலாம், ஆகாமலும் போகலாம். அதைவிட, அவளுக்கு அது வேண்டாம். அதை நேராகச் சொல்லிவிட்டாள். வால்டியும் வற்புறுத்தவில்லை. ஆனால் போலீசில் ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள், அதை நினைத்தால் தன் அப்பாவையே உருக்குவது போல இருக்கிறது என்றார்.

வழி சொன்னவன் ஓரெஸ்ட். வின்னிபெக்கில் ராணுவப் பயிற்சிக்கென்று கட்டிய பழைய படைக்கூடம் ஒன்றில் சின்ன அருங்காட்சியகம் இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் போர் நினைவு நாளுக்கு அவன் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இறந்த வீரர்களுக்கான இசையை அங்கே ட்ரம்பெட்டில் வாசிப்பான். அந்த அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொள்கிற அம்மாளை அவனுக்குத் தெரியும். அனுமதி பெற்ற இடம், சட்டம் வந்தாலும் அங்கே வைக்கலாம். அவன் போன் செய்து கேட்டான். அந்த அம்மாள் சந்தோஷமாகக் கொண்டுவரச் சொன்னாள். ஒரே ஒரு வேண்டுகோள், துப்பாக்கியோடு அதன் கதையும் வேண்டும் என்றாள்.

எடுத்துக்கொண்டு போவதற்கான அனுமதி வர செப்டம்பர் ஆகிவிட்டது. வால்டி பூட்டிய பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்தார். மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். அருங்காட்சியகத்து அம்மாள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ரிவால்வரை எடுத்து, அதன் எண்ணைப் படித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் காட்டி, சொல்லுங்கள் என்றாள்.

வால்டி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஹாலந்தில் ராணுவ வண்டி ஓட்டியாக இருந்தவர். சண்டை முடிந்த வாரம் ஓர் ஆளிடம் சிகரெட்டுக்கு மாற்றாக வாங்கியது அந்த ரிவால்வர். யாரையும் சுட்டதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் அதை மேஜை மேல் பிரித்துப் போட்டுத் துடைப்பார். அன்று முழுவதும் யாரோடும் பேச மாட்டார். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதில்லை. இதெல்லாம் கதையா என்று வால்டி வெட்கத்தோடு நிறுத்தினார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள். வண்டி ஓட்டியவர்களைப் பற்றித் தங்களிடம் ஒன்றுமே இல்லை, தளபதிகளின் சாமான்தான் நிறைய இருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் வால்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கி வந்த கை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். வருத்தமா என்று ரூனா கேட்டாள். கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பசிதான் அதிகம் என்றார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த காப்பிக் கடையில் பெர்னிஸ் காத்திருந்தாள். கிம்லியிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள். அந்தப் பெட்டியோடு ஒரே வண்டியில் வர அவளால் முடியாது. அதை அவள் சொல்லவும் இல்லை, வால்டி கேட்கவும் இல்லை. குட்டையான உருவம், வெட்டிவிட்ட நரைமுடி, கணீரென்ற குரல். ரூனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கை கொடுப்பதா, அணைத்துக்கொள்வதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் அரைகுறையாகச் செய்தார்கள்.

ஆண்கள் இருவரும் சூப் வாங்க வரிசையில் போய் நின்றபோது பெர்னிஸ் ரூனாவின் பக்கம் சாய்ந்தாள்.

"நான் அவர்கிட்ட எதையும் கேக்கலம்மா. அது உனக்குத் தெரியணும்."

"தெரியும். அப்பா சொன்னார்."

"அவர் வீட்டுக்கு எத்தனையோ தடவ போயிருக்கேன். அந்த பேஸ்மென்ட் படியில மட்டும் நான் எறங்குனதே இல்ல. வெளியில காட்டிக்கவும் இல்லன்னுதான் நெனச்சேன். அவர் கவனிச்சிருக்கார் பாரு." பெர்னிஸ் ஜன்னல் வழியாகப் படைக்கூடத்தைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். முப்பது வருஷம் ஒண்ணா இருந்தோம். அவர்கூட என்னோட இந்தப் பயத்தக் கவனிச்சதில்ல."

சின்ன ரைஃபிள் தன்னிடம் இருப்பதை ரூனா மறைக்கவில்லை. தோட்டாவைத் தனியே பூட்டி, துப்பாக்கியைத் தனியே பூட்டி வைத்திருப்பதாகவும், பெர்னிஸ் வீட்டுக்கு வரும் நாட்களில் அதை ஓலியிடம் கொடுத்துவிட முடியும் என்றும் சொன்னாள். பெர்னிஸ் கொஞ்சம் யோசித்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். எந்த அறையில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், அந்தப் பக்கம் போகாமல் இருந்துகொள்வேன் என்றாள்.

சூப் வந்தது. வால்டி பெர்னிஸின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே அவள் கிண்ணத்தில் மிளகைத் தூவினார். கல்யாணம் அக்டோபரில் வரும் நன்றியறிதல் விடுமுறைக்கு மறு சனிக்கிழமை என்று தேதி சொன்னார்கள். சர்ச்சில் சின்னதாக, பிறகு சமூகக்கூடத்தில் சாப்பாடு. பாதிரியார் மிகவும் ஆறுதல் அடைந்திருக்கிறாராம். ஊர்ப் பெண்கள் சட்டிகளைத் திருப்பிக் கேட்கிறார்கள், எது யாருடையது என்று தெரியாமல் வால்டி தவிக்கிறார். எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டால் அவரவர் எடுத்துக்கொள்வார்கள் என்று பெர்னிஸ் அதற்கு வழி கண்டுபிடித்திருந்தாள்.

வால்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓரெஸ்ட்டின் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க அன்னிக்கு ட்ரம்பெட் வாசிக்கணும்."

"என்ன வாசிக்கட்டும் மாமா?"

"எது வேணா வாசிங்க. அந்த நவம்பர்ல வாசிப்பீங்களே, அது மட்டும் வேண்டாம். எனக்கு ஏற்கெனவே ஊரே கருமாதிச் சோறு போட்டுருச்சு."

பெர்னிஸின் சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. கல்லைத் தள்ளிவிட்டு அவள் சத்தம் போட்டால் கூரை அதிரும் என்று அப்பா சொன்னது மிகையில்லை என்று ரூனாவுக்குத் தெரிந்தது. அவள் தன் ரொட்டியைப் பாதியாகப் பிட்டு அப்பாவின் தட்டில் வைத்தாள். அவருக்கு அன்று நல்ல பசி.